இதுதான் கடைசி ரவுண்டு

அந்தக் கட்டடத்தில் இப்போது ஓர் உடற்பயிற்சிக் கூடம் நடக்கிறது. பஸ் அந்த வழியாகப் போகும்போது கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருப்பது தெரியும். எனக்கு மட்டும் அங்கே வேறு ஆட்கள் தெரிவார்கள். மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று கதவையே பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள். அந்த வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி என் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. என் வீட்டுக்காரர் அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே வேலை குறைந்துகொண்டே வந்தது. அத்தை, அதாவது என் மாமியார், ஒரு பாத்திரக் கடையில் நெடுநாள் வேலை பார்த்தவர். முதலாளியின் பிள்ளைகள் கடையை விற்றுவிட்டார்கள். "போதும்மா, இனிமே நீ உக்காரு" என்று மகன் சொல்லிவிட்டார். அத்தையும் உட்கார்ந்து பார்த்தார். முடியவில்லை. சுத்தமாக இருக்கிற அலமாரியைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

எங்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை போடுகிற அளவுக்குப் பழக்கமே இல்லை என்பதுதான் உண்மை. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன் அத்தை." "துணி காஞ்சிருச்சா?" "எடுத்துட்டேன் அத்தை." இவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஒரே சமையலறையில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இடித்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து நடந்துகொண்டிருந்தோம்.

வீட்டுச் சாமான்களுக்கென்றே மூன்று மாடியில் ஒரு பெரிய கடை வரப்போகிறது, விற்பனைக்கு ஆட்கள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் செல்போனிலேயே விண்ணப்பம் போட்டுவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்றுதான். கூப்பிட்ட அன்று, பல் டாக்டரிடம் போகிறேன் என்று கிளம்பினேன். அத்தை எனக்கு முன்பே, பழைய கடையில் கூட வேலை பார்த்தவளுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று போயிருந்தார்.

காத்திருக்கும் அறையில் புதுப் பெயின்ட் வாசனை. நான் போய் உட்கார்ந்து, ஃபைலைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தால், அத்தை. அவரும் அதே நேரத்தில் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கடைசியில் அவர்தான் மெதுவாகக் கேட்டார்.

"பல்வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்ல அத்தை. உங்க சிநேகிதிக்கு எப்படி இருக்கு?"

"அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா."

சிரிக்கலாமா கூடாதா என்று நான் யோசிப்பதற்குள் கதவு திறந்து ஓர் இளம்பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அட்டைப் பலகையில் செருகிய காகிதக் கட்டு. ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறவள். வாய் நிறையச் சிரிப்பு.

"எல்லாருக்கும் வணக்கம். ஒரே ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். ஒரே குடும்பத்துல ரெண்டு பேர எடுக்க மாட்டோம். கம்பெனி ரூல். அப்படி யாராவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்தார். அவர் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. அந்த நொடியிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள் ஆனோம்.

முதல் ரவுண்டில் அந்தப் பெண் என்னிடம், "நீங்க ஒரு வீட்டுச் சாமானா இருந்தா என்னவா இருப்பீங்க?" என்று கேட்டாள். விளக்கு என்றேன். எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. அத்தையிடமும் அதே கேள்விதான். "நான் எதுக்குங்க சாமானாகணும்? சாமான விக்கத்தான வந்திருக்கேன்?" என்று கேட்டாராம். அவரையும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். "இன்னும் ஒரே ஒரு ரவுண்டுதான், அதுதான் கடைசி" என்று எல்லோரையும் அனுப்பி வைத்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அத்தை சமையலறை வாசலில் நின்று, "அவன்கிட்ட சொல்லப் போறியா?" என்றார். அவன் என்றது மகனை.

"நீங்க சொல்றீங்களா அத்தை?"

"நான் எதுக்கு சொல்றேன்?"

"அப்ப நானும் சொல்லல."

எங்களுக்குள் ஏற்பட்ட முதல் ஒப்பந்தம் அதுதான்.

அடுத்த ரவுண்டு கம்ப்யூட்டரில் பரீட்சை. அத்தைக்கு மௌஸைப் பிடிக்கத் தெரியாது. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் சாப்பாட்டு மேஜையில் ஒரு சோப்புக் கட்டியை வைத்து, "இதுதான் மௌஸ், இப்படி நகத்துங்க, இப்படி அழுத்துங்க" என்று சொல்லிக்கொடுத்தேன். சோப்பு என்பதால் நன்றாகவே வழுக்கிக்கொண்டு போனது. "எலிய விட மோசமா ஓடுதே" என்றார் அத்தை. அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. சிரித்தால் ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் குழி விழும். என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். அது யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

பரீட்சையில், 'நான் ஒருபோதும் கோபப்பட்டதில்லை: சரியா, தவறா?' என்பது மாதிரி கேள்விகள். வெளியே வந்து தண்ணீர்க் குழாய் பக்கத்தில் தனியாக நின்றபோது அத்தை காதோரமாகச் சொன்னார்: "இதுக்கு உண்மை சொன்னாலும் மாட்டிப்போம், பொய் சொன்னாலும் மாட்டிப்போம். நான் நடுவுல இருக்கறத அமுக்கிட்டேன்."

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. குழுவாகப் பேசும் ரவுண்டு ஒன்று இருக்கிறது என்றார்கள். அதற்குக் கறுப்பு ஷூ கட்டாயம். வீட்டில் கறுப்பு ஷூ என்று இருந்தது என்னுடையது ஒரு ஜோடிதான். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பள்ளிக்கூட ஷூவை அத்தை இரவல் வாங்கிக்கொண்டார். அது சின்ன அளவு. குதிகால் பக்கத்தை மடக்கி மிதித்துக்கொண்டு, வாத்து மாதிரி நடந்து வந்தார். அவ்வளவு பாடுபட்டுப் போய்ச் சேர்ந்தால், மேலதிகாரி வரவில்லை, இன்னொரு நாள் கூப்பிடுகிறோம் என்று எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓர் அம்மா கைக்குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஒருத்தர் இருந்த வேலையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பெயரை அடித்துவிடுவார்களோ என்ற பயம்.

"இதுதான் கடைசி ரவுண்டு, கண்டிப்பா" என்று அந்தப் பெண் அன்றைக்கும் சொன்னாள். அவளுக்குக் கடைசி ரவுண்டு என்றே அத்தை பெயர் வைத்துவிட்டார்.

போகும்போது பஸ்ஸில் நாங்கள் தனித்தனி சீட்டில்தான் உட்காருவோம். கூட வருகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதே. திரும்பும்போது முதல் சில நிறுத்தங்களில் மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு அத்தை எழுந்து வந்து என் பக்கத்தில் உட்காருவார். கைப்பையிலிருந்து பன்னை எடுத்து, பிட்டு, பெரிய பாதியை எனக்குக் கொடுப்பார். உள்ளே என்ன கேட்டார்கள், என்ன சொன்னோம் என்று வீடு வருகிறவரை பேசிக்கொண்டே வருவோம். வீட்டில் ஒரு வருஷம் பேசாததையெல்லாம் அந்தப் பஸ்ஸில்தான் பேசித் தீர்த்தோம். அவர் பாத்திரக் கடையில் சேர்ந்தபோது என் வீட்டுக்காரர் பால்குடி மறக்காத குழந்தையாம். கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியில் பெரிய அண்டா ஒன்றுக்குள் துணி விரித்துத் தூங்கவைப்பாராம். "யாரோ ஒரு அம்மா அண்டா வாங்க வந்து, எட்டிப் பார்த்துட்டு அலறிட்டாங்க" என்று சொல்லிச் சிரிப்பார். வெளியே வெயிலில் கட்டடங்கள் போய்க்கொண்டே இருக்கும். இன்னும் கொஞ்ச தூரம் இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

தள்ளிப்போன குழுப் பேச்சு ஒருவழியாக நடந்து முடிந்தது. அதற்கடுத்த ரவுண்டைத்தான் நான் மறக்கவே முடியாது. நடித்துக் காட்டும் ரவுண்டு. ஒருத்தர் வாடிக்கையாளர், ஒருத்தர் விற்பனையாளர். எதிரே மூன்று பேர் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். கடைசி ரவுண்டுப் பெண் காகிதத்தைப் பார்த்து ஜோடி சேர்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு ஜோடியாக வந்தது அத்தை.

"நீங்க கஸ்டமர்" என்று என்னைக் காட்டினாள். "வாங்கிட்டுப் போன சாமான்ல குறைன்னு திருப்பிக் கொடுக்க வந்திருக்கீங்க. நீங்க" என்று அத்தையிடம் திரும்பி, "பொறுமையா பேசி அனுப்பணும்" என்றாள்.

மேஜை மேல் சில சாமான்கள் இருந்தன. நான் ஒரு நான்ஸ்டிக் தவாவைக் கையில் எடுத்தேன். ஏன் அதை எடுத்தேன் என்று கேட்டால், கை தானாகப் போனது என்றுதான் சொல்வேன். கல்யாணத்துக்கு என் அம்மா வாங்கிக் கொடுத்த தவா ஒன்று வீட்டில் இருந்தது. நான் வந்த புதிதிலேயே அத்தை அதை ஸ்டீல் நாரால் பளபளவென்று தேய்த்து, மேலே இருந்த கறுப்புப் பூச்சையெல்லாம் கழற்றிவிட்டார். அன்றிலிருந்து ஒரு ஆம்லெட்கூட அதில் ஒட்டாமல் வந்ததில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"வாங்க மேடம், உக்காருங்க. என்ன பிரச்சினை?" என்றார் அத்தை. என்னை மேடம் என்று கூப்பிட்டபோது அவர் உதடு லேசாகத் துடித்தது.

"இந்தத் தவா வாங்கி ரொம்ப நாள் ஆகல. மேல இருந்த பூச்செல்லாம் போயிடுச்சு."

"எதால தேய்ச்சீங்க மேடம்?"

"நான் தேய்க்கல." தவாவை அவர் பக்கம் நீட்டினேன். "வீட்ல ஒருத்தங்க ஸ்டீல் நாரால தேய்ச்சுட்டாங்க."

அத்தை தவாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது மேடம். காலமெல்லாம் இரும்பையும் பித்தளையையும் தேய்ச்ச கையா இருக்கும்."

"தெரியாமத்தான் செஞ்சாங்க. நான் இல்லன்னு சொல்லல."

"அப்ப அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மனசு கஷ்டப்படுவாங்கன்னு சொல்லல."

"சொல்லாம மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா மட்டும் கஷ்டமா இருக்காதா மேடம்? காலைல எழுந்தா அந்த மூஞ்சியத்தான அவங்க முதல்ல பார்க்கணும்?"

எதிரே இருந்த மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிக்கொண்டு வந்தது. "அது எங்கம்மா வாங்கிக் கொடுத்தது" என்றேன். வாடிக்கையாளர் சொல்ல வேண்டிய வசனம் அது இல்லை என்று தெரிந்தும் சொன்னேன்.

அத்தை மேஜையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். தவாவை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "அத அவங்க யோசிக்காமப் போயிட்டாங்க. அவங்களுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன், மேடம்" என்றார். அந்த மேடத்தில் நடிப்பே இல்லை.

நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி தொண்டையைச் செருமினார். "நடிப்பு நல்லா இருந்தது. ஆனா கஸ்டமர் வீட்டு விஷயத்துல கடைக்காரங்க தலையிடக் கூடாது. சாமானத் திருப்பி வாங்கற விதிமுறையச் சொல்லவே இல்லையே நீங்க?" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு மார்க்கைக் குறைத்தார்.

அன்று பஸ்ஸில் மற்றவர்கள் இறங்கும்வரை அத்தை காத்திருக்கவில்லை. ஏறியதுமே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, மாசக்கணக்கா இத மனசுல வச்சிருந்தியா?"

"ம்."

"நல்ல பொண்ணும்மா நீ. இதுக்கு நாலு பேர உக்கார வச்சு பஞ்சாயத்தா பண்ணணும்?"

இரண்டு பேரும் சிரித்தோம். கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.

அதற்குப் பிறகும் ரவுண்டுகள் ஓயவில்லை. கடை மேனேஜர் கூப்பிட்டு, முதல் ரவுண்டில் கேட்ட அதே கேள்விகளை வரிசை மாறாமல் கேட்டார். அதன் பிறகு எங்கோ தலைமை அலுவலகத்தில் இருக்கிற பெரிய அதிகாரி திரையில் வந்தார். அவர் படம் அடிக்கடி உறைந்துபோகும். வாயைத் திறந்தபடியே நிற்பார். நாங்களும் மரியாதைக்காக அசையாமல் உட்கார்ந்திருப்போம். "இன்னும் அஞ்சு வருஷத்துல நீங்க எங்க இருப்பீங்க?" என்று அவர் எல்லோரிடமும் கேட்டார். நான் மனப்பாடம் செய்துவைத்ததை ஒப்பித்தேன். அத்தை சாதாரணமாகச் சொன்னார்:

"இங்கதான் சார் உக்காந்திருப்பேன். நீங்க அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிட்டுட்டு இருப்பீங்க."

திரையில் படம் மறுபடி உறைந்தது. அது இணையக் கோளாறா, அதிகாரியே உறைந்துபோனாரா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கடைசி ரவுண்டுப் பெண் மட்டும் காகிதக் கட்டால் வாயை மூடிக்கொண்டு வெளியே ஓடினாள்.

வெளியே வந்ததும் அத்தை, "எனக்குப் போதும்மா. நீ இரு, உனக்குக் கிடைக்கும்" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. இத்தனை நாள் விளையாட்டாகவே பேசிக்கொண்டிருந்தவர் இந்த வேலையை எவ்வளவு விரும்பினார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு சின்ன பிளாஸ்டிக் சாமான் கடை. வாளி, குவளை, துடைப்பம் எல்லாம் வாசல்வரை தொங்கும். முதலாளி காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தேய்க்கிற பஞ்சு வாங்கத்தான் அத்தை உள்ளே போனார். எங்களுக்கு முன்னால் நின்ற பெண் மேல்தட்டில் இருந்த வாளியைக் கேட்டாள். முதலாளி எழுந்திருக்க முடியாமல் தவித்தார். அத்தை அந்தப் பள்ளிக்கூட ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஏணியில் ஏறி வாளியை எடுத்துக் கொடுத்தார். "சிவப்பா நீலமா?" என்று மேலிருந்தே கேட்டார். மூடியும் வேண்டுமா என்றார். அந்தப் பெண் இரண்டாக வாங்கிக்கொண்டு போனாள்.

"வேலை தேடறீங்களாம்மா?" என்றார் முதலாளி.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கறுப்பு ஷூ போட்டுட்டு வாடின மூஞ்சியோட வர்றவங்க எல்லாரும் எதிர்த்தாப்புலேர்ந்துதான் வர்றாங்க. நாளைக்குக் காலைல வர முடியுமா?"

"எத்தனை ரவுண்டு?"

அவருக்குப் புரியவில்லை. "என்ன ரவுண்டு? வேணும்னா கடைய ஒரு ரவுண்டு சுத்திப் பாத்துக்குங்க."

அத்தை உண்மையிலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மறுநாளிலிருந்து போக ஆரம்பித்தார்.

வீட்டில் அன்றைக்குத்தான் எல்லாம் வெளியே வந்தது. என் வீட்டுக்காரர் நாங்கள் இரண்டு பேரும் வாரக்கணக்காக ஏதோ டாக்டரிடம் போய்வருகிறோம், தன்னிடம் மறைக்கிறோம் என்று நினைத்து உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்திருக்கிறார். கோபம் வந்துவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று கத்தினார்.

"சொன்னா நீ ஒரு ரவுண்டு வைப்ப" என்றார் அத்தை. பிறகு மகன் தோளைத் தொட்டு, "டேய், சும்மா உக்காந்தா எனக்குச் சோறு இறங்கலடா" என்றார். என் வீட்டுக்காரர் எழுந்துபோய் அம்மாவின் காலுக்கு அளவெடுத்தார். மறுநாள் ஒரு நல்ல செருப்பு வாங்கி வந்தார்.

என்னைக் கூப்பிட வெகுநாள் ஆனது. மறந்தே போன சமயத்தில் போன் வந்தது. "செலக்ட் ஆயிட்டீங்க" என்றாள் கடைசி ரவுண்டுப் பெண். "ஒரே ஒரு சின்ன ஃபார்மாலிட்டி மட்டும்..." நான் சிரித்த சிரிப்பில் அவளும் சிரித்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்று சீருடையைக் கையில் கொடுத்துவிட்டு, "உங்க மாமியார் எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"தவா அன்னிக்கே. வெளியாள்கிட்ட அப்படிச் சண்டை போட முடியுமா யாராலயாவது?" என்று என் காலரைச் சரிசெய்துவிட்டாள். "ரெண்டு பேரும் கடைசிவரைக்கும் வரணும்னு நான் வேண்டிக்காத நாள் இல்ல. அவங்க சொன்ன பதிலத்தான் மேல யாரும் ரசிக்கல."

அப்படித்தான் எதிரெதிரே இரண்டு கடைகளில் நாங்கள் வேலை பார்த்தோம். காலையில் ஒரே பஸ். சாயங்காலம் யார் முதலில் முடித்தாலும் மற்றவருக்காகக் காத்திருப்போம். மூன்றாவது மாடியிலிருந்து பார்த்தால் சாலைக்கு அந்தப் பக்கம் அத்தை வாளிகளை உள்ளே எடுத்து வைப்பது தெரியும். அவர் நிமிர்ந்து பார்ப்பார். நான் இருக்கிறேனா என்று அவருக்குத் தெரியாது, கண்ணாடியில் வெயில் அடிக்கும். ஆனாலும் கையை ஆட்டுவார். மேனேஜர் பக்கத்தில் இல்லையென்றால் நானும் ஆட்டுவேன்.

பிறகு கடை கைமாறியது. எனக்குப் பிள்ளை பிறந்தது. மாவுக்கட்டு முதலாளியும் வயதாகிக் கடையை மூடினார். நான் இப்போது வேறொரு கடையில் சமையல் சாமான் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். சம்பளம் அதிகம், பஸ் தூரம் குறைவு. நல்ல வேலைதான். அத்தைக்கு முட்டிவலி. மாடி ஏற முடியாததால் இன்னொரு ஊரில் மகள் வீட்டில், தரைத்தளத்தில் இருக்கிறார். போனில் பேசிக்கொள்கிறோம். போனில் அவர் குரல் அவசர அவசரமாக இருக்கும். எனக்குச் செலவாகிறதே என்று சீக்கிரம் வைத்துவிடுவார். இப்போதெல்லாம் அப்படிச் செலவாவதில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை.

போன மாதம் லீவு போட்டுவிட்டு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியில் அவர் காலைக் காட்டிவிட்டு வரவேண்டியிருந்தது. நாத்தனார் கார் ஏற்பாடு செய்கிறேன் என்றார். அத்தை கேட்கவில்லை. "நாங்க பஸ்ல போய்க்கறோம்" என்றார். படியேறத்தான் கொஞ்சம் சிரமப்பட்டார். நான் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டேன். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, "இப்ப சொல்லு" என்றார்.

"என்னத்தச் சொல்ல அத்தை?"

"எதையாவது சொல்லு. இறங்கறதுக்கு இன்னும் நேரம் இருக்குல்ல?"

நான் கடையைப் பற்றியும், பிள்ளையைப் பற்றியும், அவர் மகன் செய்கிற அழிச்சாட்டியத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்தேன். ம், ம் என்று கேட்டுக்கொண்டே வந்தவர் பாதி வழியில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. நான் எழுப்பவில்லை. அடுத்ததில் இறங்கித் திரும்பி வந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.